தண்ணீரையும் சோதியுங்கள்... உடம்பையும் சோதியுங்கள்!

'தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவாத்தானே இருக்கு... இதுல என்ன குறை?' கிணற்றடியிலும் குழாயடியிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஆனால், தெளிவான தண்ணீரில்தான் ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். உடம்பும் அப்படித்தான். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று வயலுக்குப் போய் வருகிற மனிதருக்குள் சிறுநீரகம் பாதி பழுதாகிக் கிடக்கலாம். தண்ணீரோ, உடம்போ... சோதித்துப் பார்த்தால்தான் சங்கதி வெளியே வரும். இந்த இரண்டு சோதனைகளும் கைகோத்துப் போக வேண்டியதன் அவசியத்தை நமக்குச் சொல்லிக் கொடுக்கிறது, பக்கத்து மாநிலத்தில் இருக்கும் உத்தானம்.

தோப்புகளுக்குள் புகுந்த நோய்!

ஆந்திர மாநிலம், ஸ்ரீகாகுளம் மாவட்டத்தின் கடலோரப் பகுதிதான் உத்தானம். தென்னை, முந்திரி, பலா என்று பார்க்கும் இடமெல்லாம் தோப்பு. இங்குள்ள பலாசா முந்திரிக்கு நாடு முழுக்கச் சந்தை உண்டு. இவ்வளவு செழிப்பான பூமியில், 30 ஆண்டுகளாகச் சிறுநீரக நோய் ஊருக்கு ஊர் பரவிக் கிடக்கிறது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் விவசாயிகளும், விவசாயக் கூலித் தொழிலாளர்களும்தான்.

பொதுவாக, நாள்பட்ட சிறுநீரக நோய்க்குச் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும்தான் முக்கியக் காரணங்கள். உத்தானத்து நோயாளிகளில் பலருக்கு இந்த இரண்டுமே கிடையாது. அதனால், 'காரணம் அறியப்படாத நாள்பட்ட சிறுநீரக நோய்' என்று மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் நெல் விவசாயிகளுக்கும், மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் தொழிலாளர்களுக்கும் வருவது இதே வகை நோய்தான்.

இந்த நோய் சத்தமில்லாமல் வேலை செய்யும். வலி இருக்காது. ஆரம்பத்தில் கால் வீக்கமும் இருக்காது. ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு கூடுவதற்குள் சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கும். பசியின்மை, வாந்தி, மூச்சுத்திணறல் என்று மருத்துவமனைக்குப் போகும்போது, 'டயாலிசிஸ் செய்ய வேண்டும்' என்பார்கள். வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கூட ஓர் ஆள் போக வேண்டும். சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும், இரண்டு பேரின் கூலி போய்விடும். சம்பாதிக்கிற ஒருவர் படுத்தால், அந்தக் குடும்பத்தின் சாகுபடியே படுத்துவிடுகிறது.

சிறுநீரகம் கெட்டால் இதயமும் தப்பாது!

சிறுநீரகம் கழிவை மட்டும் வெளியேற்றுவதில்லை. உப்பு, தண்ணீர், பொட்டாசியம் ஆகியவற்றை அளவோடு வைத்திருப்பதும் அதன் வேலைதான். அது மந்தமானால், உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கி ரத்த அழுத்தம் கூடும். அதை எதிர்த்து அடித்து அடித்தே இதயத் தசை தடித்துப் போகும். ரத்தம் ஊறுவதற்குத் தூண்டுதல் கொடுக்கும் சுரப்பு சிறுநீரகத்தில்தான் உற்பத்தியாகிறது. அது குறைந்தால் ரத்தசோகை வந்து இதயத்தின் சுமை இன்னும் கூடும். பொட்டாசியம் எகிறினால் இதயத் துடிப்பே நின்று போகலாம். சிறுநீரக நோயாளிகளில் பலர், டயாலிசிஸ் கட்டத்துக்குப் போவதற்கு முன்பே இதய நோயால் இறந்துபோகிறார்கள்.

இதில் தண்ணீருக்கும் நேரடிப் பங்கு உண்டு. வங்கதேசத்தின் கடலோரக் கிராமங்களில், உப்பேறிய தண்ணீரைக் குடித்த கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் கூடுவதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். கடலோர மாவட்டங்களில் போர்வெல் உப்பாகிக்கொண்டே வரும் நம் ஊர்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

குற்றவாளி ஒருவர் அல்ல!

'எதனால் இந்த நோய்?' என்று கேட்டால், ஒற்றை வரியில் பதில் இல்லை. இலங்கையில் உலக சுகாதார நிறுவனமும் அந்நாட்டுச் சுகாதார அமைச்சும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2013-ம் ஆண்டு வெளியானது. நோய் அதிகமுள்ள பகுதிகளில், 15 முதல் 70 வயதுக்குள் இருப்பவர்களில் ஏறத்தாழ 15 சதவிகிதம் பேருக்குப் பாதிப்பு இருந்தது. ஃப்ளோரைடும் கடினத்தன்மையும் கூடிய நிலத்தடி நீர், காட்மியம், ஆர்செனிக், பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி என்று பலவற்றின் மீதும் சந்தேகம் விழுந்தது. 2015-ம் ஆண்டு கிளைபோசேட் களைக்கொல்லிக்கு இலங்கை அரசு தடை போட்டது. பிறகு படிப்படியாக அந்தத் தடை விலக்கப்பட்டது.

மத்திய அமெரிக்க ஆய்வுகள் வெயிலைக் கைகாட்டுகின்றன. கொளுத்தும் வெயிலில் போதிய தண்ணீர் இல்லாமல் தினம் தினம் கடும் உழைப்பு; அதனால் உடம்பு வறண்டு, சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிறது என்பது அவர்கள் கணிப்பு. அங்குள்ள கரும்புத் தோட்டங்களில், 'தண்ணீர், ஓய்வு, நிழல்' என்ற மூன்றையும் தொழிலாளர்களுக்குக் கட்டாயமாக்கும் திட்டங்கள் வந்துவிட்டன. தமிழ்நாட்டிலும், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில், நூற்றுக்கு ஐந்து பேர் என்ற அளவில் காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் இருப்பது தெரிய வந்திருக்கிறது. எனவே, 'இது ஆந்திராவில்தானே!' என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

அணை நீர் வந்தால் போதுமா?

காரணம் முழுதாகத் தெரியாவிட்டாலும், சந்தேகத்துக்கு உரிய நிலத்தடி நீரை விட்டு மாறுவது நல்ல முடிவுதான். உத்தானத்துக்கு ஹிரமண்டலம் நீர்த்தேக்கத்திலிருந்து வம்சதாரா ஆற்று நீரைச் சுத்திகரித்துக் கொண்டுவரும் திட்டம், 2023 டிசம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. அதே நாளில், பலாசாவில் சிறுநீரக ஆராய்ச்சி மையமும் மருத்துவமனையும் திறக்கப்பட்டன. நல்ல தண்ணீர் ஒரு பக்கம், நோயை ஆராய்வது மறுபக்கம். இரண்டும் சேர்ந்து வந்ததுதான் இதில் முக்கியம். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃப்ளோரைடு பாதிப்பிலிருந்து மக்களை மீட்க, 2013-ம் ஆண்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மூலம் காவிரி நீர் கொண்டுவரப்பட்டதும் இதே வழிதான்.

அதற்காக, 'அணைத் தண்ணீர் என்றாலே அமிர்தம்' என்று கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. அணைக்கும் ஏரிக்கும் வேறு வகைத் தொல்லை உண்டு. ஊர்ச் சாக்கடையும், நம் வயல்களிலிருந்து வழியும் யூரியா, பாஸ்பேட் சத்தும் தேங்கிய நீரில் சேர்ந்தால், நீலப்பச்சைப் பாசி பெருகும். மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் தண்ணீர் பச்சைப் பெயின்ட் போலத் திரண்டு துர்நாற்றம் வீசியதை அந்தப் பகுதி மக்கள் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பாசியின் சில வகைகள் 'மைக்ரோசிஸ்டின்' என்ற நஞ்சைச் சுரக்கும். முக்கியமாகக் கல்லீரலைத் தாக்கும் இந்த நஞ்சு, சிறுநீரகத்தையும் விட்டுவைப்பதில்லை. இதில் அதிகம் காணப்படும் வகை, ஒரு லிட்டர் குடிநீரில் ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

அதனால்தான் நீர்த்தேக்கத்தைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருக்கிறது. கார அமிலத்தன்மை, கரைந்த ஆக்ஸிஜன், நைட்ரேட், பாஸ்பேட், பாசியின் அளவு, கிருமிகள் ஆகியவற்றை மாதா மாதம் ஒரே இடத்தில் அளந்தால்தான் மாற்றம் பிடிபடும். கறுப்பும் வெள்ளையும் பூசிய ஒரு வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, எந்த ஆழத்தில் அது கண்ணிலிருந்து மறைகிறது என்று குறித்து வைப்பதும் ஒரு சோதனைதான். மறையும் ஆழம் மாதா மாதம் குறைந்துகொண்டே வந்தால், நீர் கலங்குகிறது அல்லது பாசி கூடுகிறது என்று அர்த்தம். மீன் வளர்ப்பவர்களுக்கு ஓர் அடையாளம் நன்றாகத் தெரியும்... விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால், இரவெல்லாம் ஆக்ஸிஜன் குறைந்திருக்கிறது. ஊர் ஏரியில் இப்படி நடந்தாலோ, பச்சை ஆடை படிந்தாலோ, தேதி போட்டு எழுதி வைத்து, ஊராட்சிக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் மனு கொடுங்கள். அந்தத் தண்ணீரை ஆடு மாடுகளும் குடிக்க விடாதீர்கள்.

தண்ணீர் மாதிரி எடுப்பது எப்படி?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. கட்டணம் செலுத்தி, நாமே தண்ணீரைக் கொடுத்துச் சோதிக்கலாம். சுத்தமான இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேனை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய், பூச்சிமருந்து இருந்த கேன் கூடவே கூடாது. மோட்டாரை 10 நிமிடங்கள் ஓடவிட்ட பிறகு, அதே தண்ணீரால் கேனை மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். இடம், தேதி, போர்வெல் ஆழம் ஆகியவற்றை எழுதி ஒட்டி, அன்றே சேர்த்துவிடுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகத்தில் கொடுக்கும் பாட்டிலைத்தான் பயன்படுத்த வேண்டும். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை என்று ஆண்டுக்கு இரண்டு தடவை சோதிப்பது நல்லது.

முடிவு கைக்கு வந்ததும், கீழே உள்ள இந்தியத் தர அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. அடைப்புக்குறிக்குள் இருப்பது, வேறு தண்ணீரே இல்லாதபோது அனுமதிக்கப்படும் உச்ச அளவு.

கரைந்த உப்புகள் (டி.டி.எஸ்.): 500 (2,000)
கடினத்தன்மை: 200 (600)
குளோரைடு: 250 (1,000)
ஃப்ளோரைடு: 1 (1.5)
நைட்ரேட்: 45 (தளர்வு இல்லை)
ஈ-கோலி கிருமி: 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது

உடம்புக்கு மூன்று சோதனைகள்!

ஆண்டுக்கு ஒரு முறை ரத்த அழுத்தம், சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின் ஆகிய மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் வழிகாட்டுவார்கள். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குச் சிறுநீர்ச் சோதனை சீக்கிரமே காட்டிக்கொடுக்கும். ஆனால், வெயிலில் உழைப்பவர்களுக்கு வரும் இந்த நோயில் சிறுநீரும் ரத்த அழுத்தமும் நீண்ட நாள்கள் சரியாகவே இருக்கலாம். எனவே, கிரியாட்டினின் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். அதைக்கொண்டு, 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்ற செயல்திறன் அளவைக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். அது மூன்று மாதங்களுக்கு மேலாக 60-க்குக் கீழே இருந்தால், நாள்பட்ட சிறுநீரக நோய் என்று அர்த்தம். பயப்பட வேண்டாம், ஆரம்பத்திலேயே பிடித்தால், டயாலிசிஸைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம்.

வயலில் வேலை செய்யும்போது, தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். 20 நிமிடங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். கடும் வேலையை விடியற்காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். நடவுக்கும் களைக்கும் வரும் பெண்களுக்கு, குடிநீரோடு மறைவான கழிப்பிடமும் தேவை. அது இல்லாததால்தான் பலர் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். உடம்பு வலிக்குக் கடையில் நாமே மாத்திரை வாங்கிப் போடும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள், வறண்ட உடம்பில் சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும். மருந்து தெளிக்கும்போது கையுறை, முகக்கவசம் கட்டாயம்.

வாசகர் கேள்விகள்

'தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா?'

கிருமி சாகும். ஆனால், ஃப்ளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக் போகாது. தண்ணீர் சுண்டுவதால் அவற்றின் அடர்த்தி கொஞ்சம் கூடவே செய்யும். பாசி நஞ்சும் கொதிப்பதால் அழிவதில்லை.

'டி.டி.எஸ். மீட்டரில் 300 காட்டுகிறது. நல்ல தண்ணீர்தானே?'

உப்பின் மொத்த அளவை மட்டுமே அந்தக் கருவி சொல்லும். எந்த உப்பு என்று சொல்லாது. ஃப்ளோரைடு 3 மில்லிகிராம் இருந்தாலும் மீட்டரில் 300 என்றே காட்டலாம். கிருமியும் பூச்சிமருந்தும் அதில் தெரியாது. ஆய்வகச் சோதனைதான் ஒரே வழி.

'சிறுநீரக நோய் உள்ள அப்பாவுக்கு எங்கள் தோப்பு இளநீர் கொடுக்கலாமா?'

மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். ஆரோக்கியமானவருக்கு அருமையான பானம்; சிறுநீரகம் பலவீனமானவருக்கு இதயத்துக்கே ஆபத்து. தண்ணீரையும் அவர் எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குச் சொன்ன '20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர்' கணக்கு அவருக்குப் பொருந்தாது.

நிலத்துக்கு மண் பரிசோதனை அட்டை வைத்திருக்கிறோம். அதே கோப்பில், வீட்டுத் தண்ணீரின் ஆய்வு முடிவையும், குடும்பத்தாரின் கிரியாட்டினின் அளவையும் ஆண்டுவாரியாகச் சேர்த்து வையுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், ஊர்ப் பொதுக் குழாயின் தண்ணீர் ஆய்வு முடிவைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நாம் கேட்டால்தான் சோதிப்பார்கள், சோதித்தால்தான் தெரியும்.