வாரம் மூன்று பக்கம்

‘தி ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்’ என்ற இணையச் சித்திரக்கதையின் முதல் பக்கம் 2003 செப்டம்பர் கடைசியில் வந்தது. வட்டத் தலை, குச்சிக் கை, குச்சிக் கால். முகத்தில் இரண்டு கண், ஒரு வாய், மூக்கு கிடையாது. ரிச் பர்லூ என்ற அமெரிக்கர் தனியாளாக எழுதி, கணினியில் வரைந்து, இலவசமாக வெளியிட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. பக்கங்கள் 1,300-ஐத் தாண்டிவிட்டன. இன்றும் அவரேதான் வரைகிறார், இன்றும் இலவசம்தான், கைகால்கள் இன்றும் குச்சிதான். மாறியது பெரும்பாலும் சுற்றுப்புறமும், படிக்கிற நாமும்.

கதையின் விதை ஒரு விளையாட்டு. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-ல் வெளியானது. அதன் விதிப் புத்தகத்துக்கு 2003 ஜூலையில் 3.5 என்ற திருத்திய பதிப்பு வந்தது. இரண்டு மாதம் கழித்து வந்த இந்தத் தொடரின் முதல் பக்கமே அந்த விதி மாற்றத்தை வைத்து அடித்த கிண்டல். வாள் ஏந்திய ராய், திருடி ஹேலி, பாட்டுப் பாடும் அசடன் எலன், மந்திரவாதி வார்சூவியஸ், குள்ளர் இனத்துப் பூசாரி டர்கன், இடுப்பளவு உயரமும் எல்லையில்லாத கொலைவெறியும் கொண்ட பெல்கர் என்று ஆறு பேர். தாங்கள் ஒரு விளையாட்டின் விதிகளுக்குள் வாழ்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியும்.

அந்த நகைச்சுவை அன்று சுடச்சுட இருந்தது. படித்தவர்களில் பெரும்பாலோர் அதே விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்திருந்தவர்கள். பிறகு 2008-ல் நான்காம் பதிப்பும் 2014-ல் ஐந்தாம் பதிப்பும் வந்தன. கதை மட்டும் 3.5-லேயே நின்றுவிட்டது. பழைய விதியில், பதுங்கியிருப்பவனைக் கண்ணால் காண்பதற்கு ஒரு பகடை, காதால் கேட்பதற்கு இன்னொன்று. புதிய பதிப்புகள் இரண்டையும் ஒரே திறனாக்கிவிட்டன. இன்று ஐந்தாம் பதிப்பு ஆடிப் பழகிய இளைஞர் ஆரம்பப் பக்கங்களைப் புரட்டினால், பாதிச் சிரிப்புக்கு அடிக்குறிப்பு கேட்பார். நல்லவேளையாக, அந்தச் சிரிப்பை மட்டும் நம்பிக் கதை நெடுநாள் நிற்கவில்லை.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. இந்த விளையாட்டை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2002-ல் ஒரு போட்டி வைத்தது. தங்கள் விளையாட்டுக்குப் புதிய கற்பனை உலகம் ஒன்றைப் படைத்துத் தரவேண்டும். பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவை வந்து குவிந்தன. கடைசி மூவரில் பர்லூவும் ஒருவர். வென்றது கீத் பேக்கரின் எபரான். அடுத்த ஆண்டு பர்லூ குச்சி மனிதர்களை வரைய உட்கார்ந்தார். அவர் வென்றிருந்தால் நமக்கு ஒரு தடித்த விதிப் புத்தகம் கிடைத்திருக்கும், இந்தக் கதை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

முதல் நாலாண்டுகளில் ஏறத்தாழ 500 பக்கங்கள் வந்தன. வாரம் மூன்று பக்கம் என்பது அன்று கணக்கு. 2007-ல் பர்லூவின் உடல்நிலை கெட்டது. அதன்பின் கிழமைக் கணக்கு போய்விட்டது. கடந்த பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு முப்பது சொச்சம் பக்கங்கள்தான் தேறும். ஒரு பக்கத்தில் அடைபடும் கட்டங்கள் கூடியிருக்கின்றன, ஒரே நாளில் இரண்டு பக்க நீளத்துக்கு வருவதும் உண்டு. அதைக் கழித்துப் பார்த்தாலும் வேகம் குறைந்தது குறைந்ததுதான்.

தொடர்கதை படித்து வளர்ந்த தமிழருக்குக் காத்திருப்பது புதிதல்ல. ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டு வந்தது. ஆனால் அந்த வாசகருக்கு இதழ் வரும் கிழமை தெரியும். இங்கே இப்போது அது தெரியாது. நாளைக்கே வரலாம், அடுத்த மாதமும் வரலாம். கிழமை இருந்த நாட்களில் பக்கத்தைத் திறந்து எஃப்5 விசையை அழுத்தி அழுத்திப் பார்ப்போம். அமெரிக்க இரவில் ஏற்றியது நமக்குக் காலைக் காபியோடு கிடைக்கும். கூகுள் ரீடர் இருந்தவரை புதுப்பக்கம் வந்ததை அது சொன்னது. 2013 ஜூலையில் அதை மூடினார்கள். இன்று கைபேசியே கூப்பிட்டுச் சொல்கிறது. கிழமை இருந்த காலத்தில் கைபேசி மணியடிக்கவில்லை. மணி வந்தபோது கிழமை இல்லை.

அந்த இடைவெளிகளில்தான் ரசிகர்கள் ரசிகர்களானார்கள் என்பது என் எண்ணம். வார்சூவியஸ் எந்தப் பக்கத்தில் எந்த மந்திரத்தை ஏவினார் என்று பட்டியல் போட்டு, விதிப்படி அவர் எத்தனையாம் நிலை மந்திரவாதி என்று கணக்கிட்டுச் சொல்ல ஒரு கூட்டமே இருந்தது. எதிரிகளின் கூடாரத்தில் எப்போதும் இருளுக்குள்ளேயே நிற்கும் ஒரு பூதம் உண்டு. இரண்டு மஞ்சள் கண்கள் மட்டும் தெரியும். குழந்தை போலப் பேசும். அது என்ன பிராணி என்று பழைய விதிப் புத்தகங்களையெல்லாம் துழாவி, அது எங்கோ சொன்ன ஒரு வார்த்தையையும் எப்போதோ காட்டிய பலத்தையும் சாட்சியாக அடுக்கி இருபது ஆண்டு வழக்காடினார்கள். வாரம் மூன்று பக்கம் வந்தபோது வழக்குகள் சூடாக இருந்தன. மாதம் சில பக்கம் என்றான பிறகு வாதங்கள் நீண்டன. ஒரே கட்டத்தை நூறு கோணத்தில் பார்த்தார்கள். சூடு போய் நுணுக்கம் வந்தது.

ராயின் சாவைச் சொல்லவேண்டும். 443-ஆம் பக்கம், 2007. ஒரு நகரமே முற்றுகையில் இருக்கிறது. மந்திரத்தால் சாகாமல் நிற்கும் எலும்புக்கூடான சைகானை வீழ்த்த, ராய் வானத்தில் தனியாகப் போய் மோதுகிறான். தோற்று, அந்த உயரத்திலிருந்து விழுந்து சாகிறான். கதாநாயகனாயிற்றே, அடுத்த வாரம் எழுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தோம். பூசாரி உயிர் கொடுக்கக்கூடிய உலகம் அது; விதியிலேயே இடமிருக்கிறது. ஆனால் குழு சிதறிப்போனது, நகரம் விழுந்தது, உடல் ஒருபுறம் பூசாரி ஒருபுறம் என்றானது. ராய் உயிர்த்தெழுந்தபோது 2009 ஆகிவிட்டது; 660-ஐத் தாண்டியிருந்தது பக்க எண். கதைக்குள் சில மாதங்கள் ஓடியிருந்தன; வாசகர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல்.

இன்று புதிதாகப் படிப்பவர் அந்த இருநூறு சொச்சம் பக்கங்களை ஒரே மாலையில் கடந்துவிடுகிறார். தலைவன் இல்லாமல் தடுமாறும் அந்தப் பகுதி அன்று எங்களுக்கு இழுவையாகத் தெரிந்தது, முணுமுணுக்காதவர்கள் குறைவு. சேர்த்துப் படிக்கையில் அதன் கட்டுமானம் அழகாக நிற்கிறது. ஹேலி தலைமை ஏற்கப் பழகுவதும், வார்சூவியஸ் குற்றவுணர்வில் தூக்கமிழந்து கடைசியில் பெரும்பாவம் ஒன்றில் போய் விழுவதும் அங்கேதான். ஆகவே கதையை நன்றாகப் பார்த்தவர் யார் என்று கேட்டால், பிந்தி வந்தவர்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் கடக்காதது அந்த இரண்டு ஆண்டை மட்டும்.

பெல்கர் கதை வேறு மாதிரி. இந்த ஆண்டு முடிவதற்குள் அவன் கடைசி மூச்சை விடுவான் என்று ஒரு குறிசொல்லி சொல்லிவிடுகிறான். சொல்லிப் பதினைந்து ஆண்டுக்கு மேலாகிறது. கதைக்குள் அந்த ஆண்டு இன்னும் முடிந்தபாடில்லை. குறி வந்த சமயத்தில் பலருக்கு அது இனித்தது. வழியில் அகப்பட்டவரையெல்லாம் குத்துகிறவன், எப்படிச் சாகப்போகிறான் என்று பந்தயம் கட்டினார்கள். அவனிடம் ஒரு பூனை வந்து சேர்ந்திருந்தது. பூனைக்காகக் கவலைப்பட்டான்; அடுத்து நண்பர்களுக்காகவும் கவலைப்படத் தொடங்கினான். திருந்திவிட்டான் என்று எங்கும் பறைசாற்றவில்லை, சிறுகச் சிறுக நடந்தது. இப்போது அதே வாசகர்கள் ஒவ்வொரு புதுப்பக்கத்தையும் பயத்தோடு திறக்கிறார்கள். இந்த மாற்றத்துக்கு உண்மையிலேயே பதினைந்து ஆண்டு தேவைப்பட்டது என்று நினைக்கிறேன், அவனுக்கு இல்லாவிட்டாலும் நமக்கு.

படம் மாறியதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் பக்கத்தையும் அண்மைப் பக்கத்தையும் அருகருகே வைத்தால், கோடு மெலிந்து நேர்த்தியாகியிருக்கிறது. உடைகளில் மடிப்பும் விளிம்பும் கூடியிருக்கின்றன. மலையும் வானமும் வெளிச்சமும் வந்திருக்கின்றன. ஆனால் முகத்தில் அவர் அதிகம் கை வைக்கவில்லை. புருவக்கோட்டின் சாய்வு, வாய்க்கோட்டின் வளைவு, கண்ணுக்குள் புள்ளி நிற்கும் இடம், இவ்வளவுதான். சைகான் பேசினால் பேச்சுக் குமிழி கறுப்பு, எழுத்து வெள்ளை; இதை முதன்முதல் பார்த்தபோதே காதில் ஒரு கரகரப்பு கேட்டது. அப்போது இருந்த குறைந்த வசதியிலேயே கதை சொல்லும் வேலை முடிந்துவிட்டது என்பதால், இப்போதைய மெருகு எனக்கு உபரியாகவே படுகிறது. இதை மற்ற ரசிகர்களிடம் சொன்னால் அடிக்க வருவார்கள்.

மெருகைவிடப் பெரிய மாற்றம் கோப்ளின் என்ற இனத்தாரிடம் நடந்தது. தொடக்கத்தில் அந்தப் பச்சைத்தோல் ஆட்கள் டஜன் கணக்கில் சாவதும் சிரிப்புக்குத்தான்; விளையாட்டிலும் அவர்கள் அனுபவப் புள்ளிக்காகக் கொல்லப்படும் பண்டம்தானே. 2007-ல் ‘ஸ்டார்ட் ஆஃப் டார்க்னஸ்’ என்ற முன்கதைப் புத்தகம் வந்தது. சைகானின் கூட்டாளியான கோப்ளின் ரெட்குளோக்கின் ஊரை, தர்மம் காக்கும் வீரர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் வந்து அழிக்கிறார்கள். கிழவர், குழந்தை என்று பார்ப்பதில்லை. அதற்குப்பின் அவனை வெறும் வில்லனாகப் பார்க்க முடியவில்லை. ஒரு கோப்ளினின் நியாயத்துக்கு யார் பதில் சொல்வது என்பது மெல்ல மெல்லக் கதையின் நடுப்பகுதிக்கு நகர்ந்து, இன்று முடிவே அதைச் சுற்றித்தான் என்று ஆகிவிட்டது. விளையாட்டை வெளியிடும் நிறுவனம், சில இனங்களைப் பிறவியிலேயே தீயவையாகக் காட்டிவந்ததை மாற்றப்போவதாக 2020 ஜூனில் அறிவித்தது. குச்சிப் பொம்மைக்காரர் பதின்மூன்று ஆண்டு முந்திக்கொண்டார்.

அந்தப் புத்தகம் அன்று அச்சில் மட்டும் கிடைத்தது. கடல் தாண்டி வாழும் ரசிகருக்கு விலையைவிடத் தபால் செலவு பயமுறுத்தும். ரெட்குளோக்கின் ஊர் எரிந்ததை அடுத்தவர் சொல்லக் கேட்டே நம்பியவர்கள் நிறைய. இன்று பிடிஎஃப் கோப்பாக வாங்கிப் படித்துவிடலாம். அச்சுப் பிரதிகளே தீர்ந்து போவதும் வழக்கம். ‘வார் அண்ட் எக்ஸ்பீஸ்’ என்ற தொகுதி அப்படித் தீர்ந்து போக, மறுபதிப்புக்காகப் பர்லூ 2012 ஜனவரியில் கிக்ஸ்டார்ட்டரில் 57,750 டாலர் கேட்டார். ஒரே மாதத்தில் 14,952 பேர் சேர்ந்து 12,54,120 டாலர் கொடுத்தார்கள். தலைக்குச் சராசரியாக 84 டாலர், காசு வாங்காமல் எட்டரை ஆண்டு படிக்கக் கொடுத்தவருக்கு.

அதன் மறுபக்கமும் உண்டு. பணம் கொடுத்தவர்களுக்குக் கூடுதல் கதைகள் வரைந்து தருவதாக வாக்களித்திருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் உடைந்த கண்ணாடி அவர் கட்டைவிரலை ஆழமாக அறுத்துவிட, தொடர் மாதக்கணக்கில் நின்றது. வாக்களித்த கதைகளில் சில பல ஆண்டு கழித்தே வந்து சேர்ந்தன. காசு கொடுக்காத காலத்தில் பக்கம் வராவிட்டால் ரசிகர் வருத்தப்பட்டார். கொடுத்த பிறகு சிலர் கணக்குக் கேட்டார்கள். கேட்பதில் தவறில்லைதான். ஆனாலும் அந்தக் குரலில் பழைய வருத்தத்தின் இனிமை இல்லை.

இப்போதைய இணையச் சித்திரக்கதைகள் பெரும்பாலும் கைபேசிக்காகப் பிறப்பவை. கட்டைவிரலால் கீழே தள்ளிக்கொண்டே போகலாம், கட்டத்துக்குக் கட்டம் வெற்றிடம் விட்டிருப்பார்கள், அடுத்த அத்தியாயத்தை முன்கூட்டிப் பார்க்கக் காசு கட்டலாம். ‘ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்’ இன்னமும் புத்தகப் பக்க வடிவில்தான் வருகிறது. கைபேசியில் திறந்தால் எழுத்து எறும்பு வரிசையாகத் தெரியும். இரண்டு விரலால் விரித்து, இடமிருந்து வலமாக நகர்த்தி, மறுபடி இடப்பக்கம் இழுத்து வரவேண்டும். நாற்பதைத் தாண்டிய ரசிகர்கள் கண்ணாடியைத் தேடிக்கொண்டு திட்டிக்கொண்டே படிக்கிறோம்.

கடைசித் தொகுதி நடந்துகொண்டிருக்கிறது. பத்தே நாளில் 1,300 பக்கத்தையும் முடித்துவிட்டு, அடுத்த பக்கம் என்றைக்கு வரும் என்று எங்களிடம் கேட்கும் இளைஞர்கள் அவ்வப்போது வருகிறார்கள். தெரியாது என்கிறோம். மறுநாளும் கேட்கிறார்கள். மூன்றாம் வாரம் கேட்பதை நிறுத்திவிட்டு, மஞ்சள் கண் பூதம் என்ன பிராணி என்பதற்குத் தங்கள் ஊகத்தோடு வருகிறார்கள்.