பாடம் சொல்லும் மாணவர் பட்ட பாடு

வகுப்பிலே நுழைந்தால் ஆசிரியர்; சம்பளம் கேட்டால் மாணவர்! இரட்டை வேடம் போடச் சொல்லி, இரண்டுக்குமாகச் சேர்த்து அரைக்கூலி கொடுக்கும் அதிசய நாடகம், டாலர் கொழிக்கும் அமெரிக்க நாட்டிலே பல்லாண்டு காலமாக நடந்து வருகிறது. நாடக மேடைக்குப் பெயர் பல்கலைக் கழகம். நடிகருக்குப் பெயர் டீச்சிங் அசிஸ்டென்ட்.

யார் இவர்? டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் மாணவர். வரலாறோ, இலக்கியமோ, தத்துவமோ அவர் துறை. பேராசிரியர் பெருமண்டபத்திலே நூற்றுக்கணக்கானவருக்குச் சொற்பொழிவாற்றிவிட்டுப் போய்விடுவார். கேட்டவரிலே விளங்கிக் கொண்டவர் யார், விழித்துக் கொண்டிருந்தவர் யார் என்று கண்டறிந்து, இருபது முப்பது பேராக உட்கார வைத்து, வாய் திறவாதவரையும் பேச வைப்பது இவர் பணி.

அதோடு தீர்ந்ததா? கட்டுரைகள் வருகின்றன, கட்டுக் கட்டாக! கணக்குப் பாடமா இது, விடையைப் பார்த்துக் கோடு கிழித்துவிட? ஒரு மாணவர் தட்டுத் தடுமாறி ஒரு கருத்தைச் சொல்ல வருகிறார், சொல் வரவில்லை. அவர் சொல்ல வந்தது எது, சொன்னது எது என்று இரண்டையும் படித்துணர்ந்து, ஓரத்திலே நாலு வரி எழுத வேண்டும். கட்டுரை ஒன்றுக்கு அரைமணி என்று வையுங்கள். அறுபது கட்டுரைக்கு முப்பது மணி! கலிபோர்னியாப் பல்கலைக் கழக ஒப்பந்தத்திலே இவருக்கு வாரம் சராசரி 20 மணி, காலாண்டுக்கு 220 மணி என்று வரம்பு உண்டு. ஏட்டிலே உண்டு! உண்மையாக உழைப்பவர் கடிகாரத்தைப் பார்த்தா திருத்துகிறார்? அவருடைய ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கிய இரவையெல்லாம் அந்தக் கட்டுரைக் கட்டுதான் விழுங்குகிறது.

இந்தப் பணிக்குக் கிடைத்தது என்ன? அந்தப் பல்கலைக் கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்திலே, 2019-ல், வரிக்கு முன்பு மாதம் சுமார் 2,400 டாலர். அதுவும் ஆண்டில் ஒன்பது மாதந்தான். பலருக்கு அதிலே பாதிக்கு மேல் வீட்டு வாடகைக்கே போயிற்று. ஊர்ப் பெயருக்குப் பொருள் புனிதச் சிலுவையாம், சுமந்தவர்கள் இவர்கள்!

மாதம் 1,412 டாலர் கூடுதலாகக் கொடுங்கள் என்றனர். கொடுக்கும் வரை மார்க்கு இல்லை என்று 2019 டிசம்பரிலே மதிப்பெண்களை நிறுத்தி வைத்தனர். நிர்வாகம் நீட்டியது என்ன தெரியுமா? தேவை உள்ளவருக்கு ஆண்டுக்கு 2,500 டாலர்! கேட்டது மாதக் கணக்கு. கிடைத்தது ஆண்டுக் கணக்கு. 2020 பிப்ரவரி 10 முதல் வகுப்பையும் நிறுத்தினர். போலீஸ் வந்தது, 17 பேர் கைதாயினர். மாத இறுதியில் 54 பேருக்கு அடுத்த பருவத்தில் வேலை இல்லை என்று ஓலை வந்தது. வேலை போனால் கட்டணச் சலுகையும் போகும்; அயல்நாட்டு மாணவருக்கோ விசாக் கவலையும் சேரும்.

மார்க்கு வராமல் தவித்த இளம் மாணவர் நிலை நமக்குத் தெரியாததல்ல. உதவித் தொகைக்கும் மேற்படிப்புக்கும் அந்த எண் வேண்டியவர் அவர்களிலே பலர். அந்தத் துன்பம் மெய். ஆனால் நாம் கேட்கிறோம்: ஒருவர் எண் எழுதாததால் ஒரு வளாகமே தள்ளாடுமென்றால், அவரைப் 'பயிற்சி பெறுபவர்' என்று எந்த வாயால் சொல்வது?

சட்டம் பேசிய வகையோ இன்னும் வேடிக்கை! தனியார் பல்கலைக் கழகங்களில் இவர்கள் தொழிலாளரா என்று தேசியத் தொழிலுறவு வாரியத்தைக் கேட்டார்கள். 2000-ல் நியூயார்க் பல்கலைக் கழக வழக்கிலே, ஆம் என்றது. 2004-ல் பிரவுன் வழக்கிலே, இல்லை என்றது. 2016-ல் கொலம்பியா வழக்கிலே, மறுபடியும் ஆம்! இத்தனைக்கும் இடையே கட்டுரைக் கட்டின் கனம் ஒரு தோலாவும் குறையவில்லை.

சான்டா குரூஸ் கிளர்ச்சி சங்கத்தின் அனுமதியின்றி நடந்தது. நடப்பிலிருந்த ஒப்பந்தம் வேலைநிறுத்தத்துக்கு இடம் தரவில்லை. சங்கம் எது? மோட்டார்த் தொழிலாளர் சங்கம்! ஆம், காவியம் கற்பிப்பவருக்குக் கைகொடுத்தவர் கார் செய்பவரே. வேலை இழந்தவரில் பலரை 2020 ஆகஸ்டிலே நிர்வாகம் திரும்பச் சேர்த்துக் கொள்ள இணங்கிற்று. 2022 நவம்பர் 14-ல் பத்து வளாகங்களிலும் 48,000 பேர், இம்முறை சங்கத்தின் அனுமதியோடு, வேலையை நிறுத்தினர். ஆராய்ச்சிக்கூட ஊழியரும் உடன் நின்றனர். ஆறு வாரம் சென்று, டிசம்பர் 23-ல் ஒப்பந்தம் நிறைவேறிற்று. துணை ஆசிரியரின் குறைந்தபட்ச ஊதியம் சுமார் 23,000 டாலரிலிருந்து 2024 அக்டோபருக்குள் சுமார் 34,000 டாலராக உயர வழி பிறந்தது.

வெற்றிதான். எனினும், வாடகை ஏறினால் ஊதியமும் உடன் ஏற வேண்டும் என்ற கோரிக்கை பேச்சுவார்த்தையிலே கைவிடப்பட்டது. வாக்கெடுப்பிலே, சான்டா குரூஸ் வளாகத்துத் துணை ஆசிரியரில் பெரும்பான்மையோர் அந்த ஒப்பந்தத்துக்கு 'வேண்டாம்' என்றே வாக்களித்தனர்.