டீசலில் கலந்த நீர் யார் கணக்கில்?

சென்ற ஆண்டு ஐப்பசி அடைமழை சற்றே விட்டிருந்த ஒரு காலைப்பொழுது. எங்கள் தெருக்கோடியில் எழும்பிவரும் அடுக்குமாடிக் கட்டடத்தின் முன், கம்பிக் கட்டு ஒன்றை மூன்றாம் தள உயரத்துக்குத் தூக்கியிருந்த கிரேன், இருமுறை திணறி நின்றுவிட்டது. கம்பிக் கட்டு விழவில்லை. இன்ஜின் நின்று எண்ணெய் அழுத்தம் குறைந்தவுடன், வடத்தைச் சுற்றும் உருளையை வில்சுருள் பிரேக் இறுகப் பிடித்துக்கொள்ளும்படிதான் இத்தகைய கிரேன்கள் வடிவமைக்கப்படுகின்றன. ஆனால், இறக்குவதும் எளிதன்று. தெருவை மறித்துவிட்டு அனைவரும் மெக்கானிக்கின் வருகைக்காகக் காத்திருந்தனர். ஓய்வுபெற்ற பேராசிரியனுக்கு வேடிக்கை பார்க்க நேரப் பஞ்சம் இல்லை, நானும் நின்றேன்.

மெக்கானிக் வந்து டீசல் வடிகட்டியின் அடியிலிருந்த சிறு திருகைத் திறந்தார். அவர் பிடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் முதலில் இறங்கியது டீசல் அன்று, தண்ணீர்.

கிரேனின் டீசல் தொட்டியிலிருந்து இன்ஜின் வரையிலான பாதை குறுகியதுதான். தொட்டி, நீரைப் பிரிக்கும் முதல் வடிகட்டி, நுண் வடிகட்டி, உயர் அழுத்தப் பம்பு, பின்னர் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். பழைய இன்ஜின்களில் இந்த அமைப்பு ஓரளவு அசுத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும். கட்டுமான இயந்திரங்களுக்கான நான்காம் நிலை மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பின், புதிய கிரேன்களில் மின்னணுக் கட்டுப்பாடுடைய உயர் அழுத்த இன்ஜின்கள் பரவலாகிவிட்டன. இவற்றில் டீசலின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 1,600 முதல் 2,000 மடங்கு வரை செல்லும். இன்ஜெக்டரின் உட்பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்கள் மட்டுமே. மனித முடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாத தூசியே அங்கே உப்புத்தாள்போல் தேய்க்கும். அந்தப் பாகங்களுக்கு உராய்வைக் குறைக்கும் எண்ணெயும் டீசல்தான். அதன் இடத்தில் தண்ணீர் புகுந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும், துருப்பிடிக்கும்; சூடான முனையில் அந்நீர் நொடியில் ஆவியாகி முனையையே சிதைத்துவிடவும் கூடும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? லாரி தானே பெட்ரோல் பங்க்கிற்குப் போய் டீசல் நிரப்பிக்கொள்கிறது. கிரேன் அப்படிப் போவதில்லை. டீசல்தான் அதைத் தேடி வர வேண்டும். அது பேரலில் வருகிறது, கேனில் வருகிறது, கைப்பம்பால் ஏற்றப்படுகிறது. பேரல் திறந்தவெளியில் நிமிர்ந்து நிற்கிறது. மழைநீர் அதன் மேல்தட்டில் விளிம்புவரை தேங்குகிறது. பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடியின் இடுக்கு வழியே வெளியேறும். இரவுக் குளிரில் சுருங்கும்போது, தேங்கிய நீரை அதே இடுக்கு வழியே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பேரலைப் படுக்கவைத்து, இரு மூடிகளும் ஒரே கிடைமட்டத்தில் டீசலுக்குள் மூழ்கியிருக்கும்படி வைத்தால் இந்த வழி அடைபட்டுவிடும். செலவு ஏதுமில்லை. நான் பார்த்த தளத்தில் ஆறு பேரல்கள் நிமிர்ந்தே நின்றிருந்தன.

மற்றொரு வழி தொட்டியே. மாலையில் பாதி காலியான தொட்டியில் எஞ்சிய இடத்தை ஈரக்காற்று நிரப்பும். இரவில் அது குளிர்ந்து தொட்டிச் சுவரில் வியர்க்கும். இன்ஜினில் சுற்றிச் சூடாகித் தொட்டிக்குத் திரும்பும் டீசல் இந்த வேறுபாட்டை மேலும் கூட்டுகிறது. ஆகவேதான் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பிவிட வேண்டும், காலையில் இன்ஜினை இயக்கும் முன் நீரை வடிக்க வேண்டும் என்கிறார்கள். வடிக்காத நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, கறுத்த வழவழப்பாக வடிகட்டியை அடைக்கின்றன.

வடிகட்டியை மாற்றுவதிலும் ஒரு பழக்கம் கெடுதல் செய்கிறது. புதிய நுண் வடிகட்டிக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பிப் பொருத்துகிறார்கள். காற்று பிடித்து இன்ஜின் இயங்காமல் போகும் என்ற அச்சம். அப்படி ஊற்றும் டீசல், வடிகட்டப்படாமலே நேராக இன்ஜெக்டர் பக்கம் போய்விடுகிறது. வெறுமையாகப் பொருத்தி, அதற்கென உள்ள கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றுவதே முறை.

இவை எவருக்கும் தெரியாத இரகசியங்கள் அல்ல. தினமும் நீரை வடிக்கச் சொல்லிக் கையேட்டில் இருக்கிறதே என்று ஆபரேட்டரிடம் கேட்டேன். "இருக்கு சார். ஆனா ஏழு மணிக்கு லோடு தூக்கலைன்னா ஓனருக்குப் போன் போயிரும். வடிச்சேனான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார்.

என் துறைக்குரிய செய்தி இங்கேதான் இருக்கிறது. மாத வாடகைக்கு கிரேன் எடுக்கும்போது, பெரும்பாலும் இயந்திரமும் ஆபரேட்டரும் உரிமையாளர் பொறுப்பு. டீசல் வாடகைக்கு எடுப்பவர் பொறுப்பு. டீசலை வாங்கி வைப்பவருக்கு இன்ஜெக்டர் சொந்தமில்லை. இன்ஜெக்டருக்குச் சொந்தக்காரர் பேரலைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. ஒரு வடிகட்டியின் விலை சில ஆயிரம் ரூபாய். ஆறு இன்ஜெக்டர்களையும் மாற்ற நேர்ந்தால் செலவு லட்சத்தைத் தாண்டும். முதல் செலவைத் தவிர்ப்பவர் ஒருவர், இரண்டாம் செலவை ஏற்பவர் வேறொருவர்.

பெங்க்ட் ஹோம்ஸ்ட்ராமும் பால் மில்க்ரோமும் 1991-இல் எழுதிய கட்டுரை ஒன்றை வகுப்பில் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். ஒருவர் செய்ய வேண்டிய பல வேலைகளில் அளக்கக்கூடியதற்கு மட்டும் ஊதியத்தை வலுவாக இணைத்தால், அளக்க முடியாத வேலை புறக்கணிக்கப்படும் என்பது அதன் சாரம். ஒப்பந்தக் கோட்பாட்டுக்காக ஹோம்ஸ்ட்ராம் 2016-இல் நோபல் பரிசு பெற்றார். தூக்கிய லோடுகளை எண்ணலாம்; வடித்த தண்ணீரை எவரும் எண்ணுவதில்லை. கரும்பலகையில் சமன்பாடாக எழுதியதை, தண்ணீர் நிறைந்த பாட்டிலாக அன்றுதான் கண்டேன்.

ஆபரேட்டருக்குப் பயிற்சி தந்தால் போதும் என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. மாற வேண்டியது வாடகை ஒப்பந்தம். டீசலை வடிகட்டியுடன் கூடிய பம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும் என்று அதில் எழுதலாம். பேரல் வரும் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து மாதிரி எடுத்து, இருதரப்பும் கையொப்பமிட்ட கண்ணாடிப் பாட்டிலில் ஒரு வாரம் வைத்திருக்கலாம். பழுது வந்தால் யார் கணக்கில் எழுதுவது என்ற சண்டைக்கு அதுவே சாட்சி. காலையில் நீர் வடிக்கும் பத்து நிமிடத்தை வாடகை நேரத்திலேயே சேர்த்து, பதிவேட்டில் அதற்கென ஒரு கட்டம் ஒதுக்கிவிட்டால், ஆபரேட்டர் ஏழு மணிப் போனுக்கு அஞ்ச வேண்டியதில்லை.