மாற்றித் தர முடியாத மாத்திரை

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம். மருத்துவர் அதை ஒரு கம்பெனியின் பிராண்டு பெயரில் எழுதித் தருகிறார். கடையில் அந்த பிராண்டு இல்லை. அதே அம்லோடிபின், அதே 5 மில்லிகிராம், வேறொரு கம்பெனி தயாரித்தது அலமாரியில் இருக்கிறது. விலையும் குறைவு. ஆனால் மருந்தாளுநர் அதை எடுத்துக் கொடுத்தால் அது விதிமீறல். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65(11ஏ) பிரிவு, எச், எக்ஸ் பட்டியல்களில் உள்ள மருந்து சீட்டில் இருந்தால், அதற்குப் பதிலாக வேறு எந்தத் தயாரிப்பையும் தரக்கூடாது என்கிறது. உள்ளே இருப்பது அதே வேதிப்பொருளாக இருந்தாலும் தரக்கூடாது. நடைமுறையில் பல கடைகளில் மாற்றித் தருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மருந்தியல் படித்தவர் தன் படிப்பைப் பயன்படுத்தும் அந்த நேரத்தில் சட்டம் அவருக்குத் துணை நிற்பதில்லை.

வேறு கம்பெனியின் மாத்திரை அதே பலனைத் தராதோ என்ற அச்சத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 1968 வாக்கில் ஆஸ்திரேலியாவில், வலிப்பு நோய்க்கு ஃபெனிட்டாயின் சாப்பிட்டு வந்தவர்கள் பலருக்குத் திடீரென நச்சுக் குறிகள் தோன்றின. மருந்தின் அளவு மாறவில்லை. கேப்ஸ்யூலை நிரப்பச் சேர்க்கும் வெறும் பொடியில் மட்டும் கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதிலாக லாக்டோஸ் சேர்த்திருந்தார்கள். கால்சியம் இருந்தவரை மருந்தின் ஒரு பகுதி உடலில் சேராமலே போய்க்கொண்டிருந்தது. அது நீங்கியதும் முழு மருந்தும் ரத்தத்துக்குள் வந்துவிட்டது. 1971இல் அமெரிக்காவில் லிண்டன்பாம் குழுவினர், இதய மருந்தான டிகாக்சினின் நான்கு தயாரிப்புகளை ஒப்பிட்டார்கள். ரத்தத்தில் எட்டிய உச்ச அளவில் ஏழு மடங்கு வரை வித்தியாசம் தெரிந்தது. அட்டையில் அச்சிட்ட மில்லிகிராம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, உடலுக்குள் எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் போய்ச் சேருகிறது என்பதையும் அளக்க வேண்டும் என்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட காலம் அது.

அந்த அளவீட்டுக்குப் பெயர் உயிர்ச் சமானச் சோதனை. நோயே இல்லாத சில டஜன் தன்னார்வலர்களுக்கு முதலில் ஒரு தயாரிப்பைக் கொடுப்பார்கள். அது உடலை விட்டு முழுதாக நீங்கிய பிறகு மற்றதைக் கொடுப்பார்கள். இரண்டு முறையும் பல மணி நேரம் விட்டு விட்டு ரத்தம் எடுத்து, மருந்தின் அளவு ஏறி இறங்கும் வளைகோட்டை வரைவார்கள். ஒருவர் முதல் தயாரிப்பில் காட்டிய வளைகோடு அவருடைய இரண்டாவது வளைகோட்டோடுதான் ஒப்பிடப்படுகிறது. அதனால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு கணக்கைக் குலைப்பதில்லை. வளைகோட்டின் உச்சி ஒரு கணக்கு, அதன் அடியில் உள்ள பரப்பு இன்னொரு கணக்கு. இந்த இரண்டும் ஒத்துப்போனால், நோயாளியின் உடலிலும் ஒரே பலன்தான் என்று கொள்ளலாம். நோயைத் தொடாமலே மருந்தின் சமத்துவத்தை நிறுவிவிடுவதை நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது.

ஒத்துப்போவதற்கான எல்லை 80 முதல் 125 விழுக்காடு. இதைக் கேட்டதும், மாத்திரையில் 20 விழுக்காடு மருந்து குறைவாகவே இருக்கலாமா என்று பலர் பதறுகிறார்கள். அப்படி இல்லை. மாத்திரையில் உள்ள மருந்தின் அளவுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. இது இரண்டு வளைகோடுகளின் விகிதத்துக்கான எல்லை. ஒன்று மற்றதில் 80 விழுக்காடு என்றால், திருப்பிப் பார்க்கும்போது மற்றது இதில் 125 விழுக்காடு. அதனால்தான் மேல் எல்லை 120 ஆக இல்லை. சராசரி மட்டும் இந்த எல்லைக்குள் இருந்தாலும் போதாது. கணக்கின் ஐயப்பாட்டுக்கு விடும் இடைவெளி முழுவதும் உள்ளே அடங்க வேண்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1996 முதல் 2007 வரை வந்த 2,070 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வளைகோட்டுப் பரப்பில் பிராண்டுக்கும், அதே வேதிப்பொருளில் பிற கம்பெனிகள் தயாரிக்கும் ஜெனரிக்குக்கும் இருந்த சராசரி வித்தியாசம் சுமார் 3.5 விழுக்காடு மட்டுமே.

இத்தகைய சோதனையின் மேல் வைத்த நம்பிக்கையில்தான் பிற நாடுகள் சட்டத்தை மாற்றின. அமெரிக்காவிலும் 1950களில் மாற்றித் தருவதற்குத் தடை வந்தது. 1970களில் தொடங்கி மாநிலங்கள் ஒவ்வொன்றாக அதை நீக்கின. எந்த மருந்துக்கு எது ஈடு என்று சொல்லும் பட்டியலை எஃப்டிஏ 1980இல் நூலாகவே வெளியிட்டது. சுவீடனில் 2002 அக்டோபர் முதல், விலை குறைந்த ஈட்டு மருந்தைத் தருவது மருந்தகத்தின் கடமை. பழைய பிராண்டுதான் வேண்டும் என்று நோயாளி கேட்டால், கூடுதல் விலையை அவரே கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பிரான்ஸ் செய்தது இன்னும் நுட்பமானது. 1999இல் மாற்றும் உரிமையைக் கொடுத்தபோது, ஜெனரிக்கை விற்றாலும் பிராண்டை விற்றால் கிடைக்கும் அதே தொகை கடைக்காரருக்குக் கிடைக்கும்படி லாபத்தை வகுத்தார்கள்.

நம் ஊரில் சிக்கல் முற்றுவது அந்த லாபத்தில்தான். விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துக்குச் சில்லறை விற்பனையாளரின் மார்ஜின் 16 விழுக்காடு, மற்றவற்றுக்கு வழக்கமாக 20. விழுக்காடு என்பதால், 100 ரூபாய் மருந்தில் 20 ரூபாய் பெறுபவர் 20 ரூபாய் மருந்தில் 4 ரூபாய்தான் பெறுகிறார். வாடகையும் மின்கட்டணமும் இரண்டுக்கும் ஒன்றே. இன்னொரு பக்கம், மருத்துவரிடம் ரெப் அனுப்பாமல் கம்பெனிகள் நேராகக் கடைகளுக்கு விற்கும் ஜெனரிக் மருந்துகள் இருக்கின்றன. கடைக்காரர் 15 ரூபாய்க்கு வாங்கிய அட்டையில் எம்.ஆர்.பி. 80 என்று அச்சாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 80க்கே விற்றால் இந்த மலிவு நோயாளியை எட்டுவதே இல்லை. 2019இல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு மார்ஜின் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று அரசு வரம்பு வைத்தது. எல்லா மருந்துகளுக்கும் அப்படி வைக்காதது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

மருத்துவர்கள் பிராண்டு பெயரில் அல்லாமல், வேதிப்பொருளின் பெயரான ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும் என்ற தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 ஆகஸ்ட் விதி, அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. தரத்தை யார் உறுதி செய்வது என்று மருத்துவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். உடலில் கரைந்து சேர்வது கடினமாக உள்ள மருந்துவகைகளுக்கு உயிர்ச் சமானச் சோதனை இந்தியாவில் கட்டாயமானது 2017இல்தான். அதற்கு முன் உரிமம் பெற்றவை ஏராளம். அதோடு, ஜெனரிக் பெயரில் எழுதிய சீட்டு கைக்கு வந்தால் எந்தக் கம்பெனி என்று தீர்மானிப்பவர் கடைக்காரர். அப்போது அவர் எதை எடுப்பார் என்பதை மேலே சொன்ன 15, 80 கணக்கே தீர்மானிக்கக்கூடும். தரச் சோதனையும் மார்ஜின் வரம்பும் ஈட்டு மருந்துப் பட்டியலும் சேர்ந்து வராமல் 65(11ஏ) பிரிவை மட்டும் நீக்கினால், மருந்து மாறும், நோயாளி கொடுக்கும் பணம் குறையாது.

அதுவரை நோயாளி செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் முதல், பெரும்பாலான மருந்துகளின் அட்டையில் ஜெனரிக் பெயரை பிராண்டு பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது விதி. அந்தப் பெயரையும் மில்லிகிராமையும் குறித்துக்கொண்டு, அடுத்த முறை மருத்துவரிடம் அதே பெயரில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். அந்தச் சீட்டோடு மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ விலை விசாரிக்கலாம். வலிப்பு, தைராய்டு கோளாறு போன்ற சில நோய்களுக்கான மருந்துகளில் அளவு சற்றே மாறினாலும் விளைவு தெரியும். அவற்றுக்கு மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் கம்பெனியை மாற்ற வேண்டாம்.