ஊறுகாய் ஜாடியைக் காப்போம்

சித்திரை, வைகாசி மாதங்களில் வீசும் காற்றில் மாந்தோப்புகளில் காய்கள் மிகுதியாக உதிர்கின்றன. உதிர்ந்த காய்க்குச் சந்தையில் நல்ல விலை கிடைப்பதில்லை. அதனை ஓராண்டுக்குரிய உணவாக மாற்றும் கலையை நம் தாய்மார்கள் நெடுங்காலமாக அறிவர். ஆயினும், அரும்பாடுபட்டுப் போட்ட ஊறுகாய் ஐப்பசி அடைமழையில் பூஞ்சணம் பூத்துக் குப்பைக் குழிக்குச் செல்வதையும் நாம் காண்கிறோம். குறை பல வேளைகளில் கைப்பக்குவத்தில் இல்லை. பாதுகாக்கும் முறையிலேயே இருக்கிறது.

ஊறுகாய் கெடாதிருப்பது எதனால்? உப்பு, காயிலுள்ள நீரை வெளியே இழுத்து, நுண்கிருமிகள் பெருக இடமின்றிச் செய்கிறது. புளிப்பும் அவற்றை அடக்குகிறது. மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுப்பதால் பூஞ்சணம் தலையெடுப்பதில்லை. ஆனால், எண்ணெய் கிருமிகளைக் கொல்வதில்லை என்பதை நாம் மறக்கலாகாது. காற்றில்லாத இடத்திலேயே வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமியும் உண்டு. எனவே, புளிப்பற்ற பூண்டு போன்றவற்றை எண்ணெயில் மட்டும் ஊறவைத்து நெடுநாள் வைத்தல் ஆபத்தாகும். போதிய உப்பும் எலுமிச்சைச் சாறு அல்லது காடியும் சேர்த்தல் இன்றியமையாதது. மாங்காய்க்குக் கிலோவுக்கு 200 கிராம் அளவில் உப்பிடலாம்.

அடிபட்ட காய்களை நீக்கிவிட வேண்டும். பீங்கான் ஜாடியையோ கண்ணாடிப் புட்டியையோ வெந்நீரில் கழுவி, வெயிலில் ஈரமறக் காயவைக்க வேண்டும். செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்களைப் புளிப்பும் உப்பும் அரிக்கும்; அவை ஆகா. ஊறுகாயை அழுத்தி நிரப்பி, காய்ச்சி ஆறவைத்த எண்ணெய் அரை சென்டிமீட்டர் உயரமேனும் மேலே நிற்குமாறு ஊற்றுக. இரும்பு மூடி துருப்பிடிக்கும். பீங்கான் மூடியிட்டு, தூய உலர்ந்த துணியால் வேடு கட்டுதலே நன்று.

ஜாடியை அடுப்பருகிலும் வெயில் படும் இடத்திலும் வைக்கலாகாது. ஈரத்தரையிலும் வேண்டாம், குளிர்ந்த, இருண்ட மூலையில் பலகைமேல் வைப்போம். போட்ட மாதத்தையும் ஆண்டையும் எழுதி ஒட்டி, பழையதை முதலில் எடுப்போம். அன்றாடத் தேவைக்குச் சிறு புட்டியில் தனியே எடுத்துக்கொண்டால், பெரிய ஜாடியை அடிக்கடி திறக்க நேராது. எடுக்கும் அகப்பை உலர்ந்திருக்கட்டும். எடுத்தபின் எண்ணெய் குறைந்திருப்பின் மீண்டும் ஊற்றுக.

பூஞ்சணம் கண்டால் மேலாக வழித்துவிட்டு உண்பது தவறு. அது புளிப்பைக் குறைத்துப் பிற கிருமிகளுக்கு வழிதிறந்து விடுகிறது. அத்தகைய ஊறுகாயைக் கொட்டிவிடுவதே அறிவுடைமை.

மகளிர் குழுக்கள் ஊறுகாயை விற்க முற்படின், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெறுதல் வேண்டும். ஊராட்சி உறுப்பினர்கள் இதனைக் கிராம சபையில் எடுத்துரைத்து, ஈரமற்ற ஓர் அறையையும் ஒதுக்கித் தரலாம். உதிர்ந்த காயும் ஊருக்குச் செல்வமாகும். அதனைக் காப்பது நம் கையில் உள்ளது.