இரும்பு நீங்கிய மண்

ஓசூரிலிருந்து சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலைப் பக்கத்துப் பட்டறைகளில் அறுத்து மெருகேற்றி நிறுத்தியிருக்கும் கிரானைட் பலகை ஒன்றைச் சற்றுக் குனிந்து நோக்குவோமாயின், ஒளி ஊடுருவும் குவார்ட்ஸும், கரிய அப்பிரகமும், அவற்றினிடையே வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ விரவிக் கிடக்கும் பெல்ஸ்பாரும் தெளிவாகப் புலப்படும். கரியமிலவாயு கரைந்த மழைநீர் பட்டுப் பட்டு யுகக்கணக்கில் சிதையும் இந்தப் பெல்ஸ்பார், தன் பொட்டாசியத்தை இழந்தபின் எஞ்சி நிற்கும் வெண்களிமண்ணே, சீனச் சக்கரவர்த்திகள் மரியாதைப் பரிசாக வழங்கிய பீங்கான் பாண்டங்களுக்கு ஆதாரமான பொருள்.

அப்படியிருக்க, இந்தப் பிரதேசத்தில் அத்தகைய பாண்டம் பிறவாததற்குரிய காரணத்தில் பாதி, மண்ணின் சிவப்பிலேயே இருக்கிறது. இரும்புதான் அந்தச் சிவப்பு. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கி.மு. 2172 வரை பழமை கணிக்கப்பட்ட அந்த இரும்பு நமக்குப் பெரும் பாக்கியம். வெண்பீங்கான் செய்வோனுக்கோ நூற்றில் ஒரு பங்கு கலந்தாலும் வெண்மை மாசுபடும்.

மற்றொரு பாதி நெருப்பைச் சார்ந்தது. சீனத்து ஜிங்தெஜென் நகரத்து அரசாங்கச் சூளைகளில் ஏறத்தாழ 1300 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் வெண்களிமண் முல்லைட் என்னும் நுண்ணிய ஊசிப் படிகங்களாக மாற, பெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி இடைவெளிகளை நிரப்புகிறது. தட்டினால் மணியோசை எழுவதும், வெளிச்சத்தில் பிடித்தால் விரலின் நிழல் தெரிவதும் இதனாலேதான். யோங்லே சக்கரவர்த்தி (1402–1424) காலத்தில் திபெத்திய குருமார்களின் தொப்பியை ஒத்த விளிம்போடு வெண்ணிறக் கெண்டிகள் செய்யப்பட்டன. சிறு குறை கண்டாலும் பாண்டத்தை உடைத்துச் சூளை வளாகத்திலேயே புதைத்துவிடுவது அங்கு வழக்கம். அவ்வோடுகளைத் தோண்டி எடுத்து ஒட்டவைத்துத்தான் அக்காலத்துக் கைத்திறனை இன்று ஆராய்கிறார்கள்.

அதே யோங்லேயின் தூதராக வந்த கடற்தளபதி செங் ஹ, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு இலங்கையின் காலி நகரில் நாட்டிய கல்வெட்டில், சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழும் இடம்பெற்றிருக்கிறது. தெனவரை நாயனார் என்னும் தெய்வத்துக்குப் பொன்னும் வெள்ளியும் பட்டும் காணிக்கையாக அளித்த செய்தியைக் கூறும் அக்கல், 1911இல் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அரண்மனைப் பரிசாக அன்றி, வணிகர் கப்பலில் வந்த சீனப் பாண்டங்களும் நம் கரையை அடைந்தன. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் கிடைத்த லோங்சுவான் பச்சை ஓடுகளில், அதே இரும்புதான் நிறத்துக்குக் காரணமாகிறது: பிராணவாயு தாராளமாகப் புகுந்த சூளையில் மண்ணைச் சிவக்க வைக்கும் அது, பிராணவாயுவைக் குறைத்து எரித்த சூளையில், மெருகுப் பூச்சுக்குள் சிறிதளவாக நின்று, பாசிப்பச்சையாக மலர்கிறது. அவ்வோடு ஒன்றையும் நம் செம்மண் பானையோடு ஒன்றையும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் அருகருகே வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை.