வெறுமையாய்ப் போய்ச் சேரும் வேரியபிள்

சர்வர் நிர்வாக வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். உன் கம்ப்யூட்டரில் பவர்ஷெல்லைத் திறந்து, $ஃபோல்டர் என்ற வேரியபிளுக்குள் பழைய லாக் கோப்புகள் இருக்கும் இடத்தை எழுதி வைக்கிறாய். பிறகு இன்வோக்-கமாண்ட் மூலம் வேறொரு சர்வரிடம் "$ஃபோல்டரைக் காட்டு" என்கிறாய். என்ன வரும்?

பாதிப் பேர் அந்த இடத்தின் பெயரைச் சொல்வார்கள். மீதிப் பேர் "எரர் வரும் சார்" என்பார்கள். ஒன்றுமே வராது என்பதுதான் விடை.

அங்கே தொடங்குவது தனி செஷன். நாம் அனுப்பும் கட்டளை வரிகள் எழுத்தாகவே போகின்றன. நம் நினைவகத்தில் இருக்கும் மதிப்பு கூடப் போவதில்லை. ஸ்டார்ட்-ஜாப் போட்டால் வேலை இதே கம்ப்யூட்டரின் பின்னணியில்தான் ஓடும். ஆனால் அதுவும் தனி பிராசஸ், அதனால் இதே கதைதான். வேரியபிள் இல்லையென்றால் பவர்ஷெல் சண்டை போடாது, காலி என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடும்.

ஆபத்தே இந்த நல்ல குணத்தில்தான் இருக்கிறது. ரிமூவ்-ஐட்டம் "$ஃபோல்டர்\*" என்று அழிக்கும் கட்டளை ஒன்று போகிறது என்று வையுங்கள். அங்கே $ஃபோல்டர் காலி. மிஞ்சுவது "\*" மட்டும். அதாவது அந்த செஷன் நிற்கும் டிரைவின் வேரில் இருக்கும் எல்லாமே. கூடவே ரிகர்ஸ், ஃபோர்ஸ் என்ற ஆப்ஷன்கள் இரண்டும் இருந்தால் கேள்வி கேட்காமல் அழிக்கத் தொடங்கிவிடும்.

2009-இல் விண்டோஸ் 7-உடன் வந்த பவர்ஷெல்லின் இரண்டாம் பதிப்பில் ரிமோட் வசதி சேர்ந்தபோது, மதிப்பை அனுப்ப ஆர்குமென்ட்லிஸ்ட் இருந்தது. கட்டளைக்குள் பாராம் என்று எழுதி அங்கே வாங்கிக்கொள்ள வேண்டும். வரிசைதான் கணக்கு. நகலெடுக்கும் கட்டளைக்கு எங்கிருந்து, எங்கே என்ற இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால் அப்படியே மாறித்தான் நகலெடுக்கும்.

2012-இல் மூன்றாம் பதிப்பு கொண்டுவந்தது யூசிங். $ஃபோல்டர் என்பதை $யூசிங்:ஃபோல்டர் என்று எழுதினால் போதும், நம் பக்கத்து மதிப்பு கூடவே போகும். எனக்கு இதில் பிடித்தது வேறொன்று: நம் பக்கம் அந்த வேரியபிளே இல்லையென்றால் கட்டளை கிளம்பாது, சிவப்பு எழுத்தில் எரர் வரும். சத்தம் போட்டு நிற்பதே நல்லது.

ஆனால் போவது நகல். அங்கே அதை மாற்றினாலும் இங்கே மாறாது. யூசிங் போட்டு மதிப்பை எழுதப் பார்த்தால் அனுமதியே கிடையாது. எழுத்து, எண், தேதி எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேரும். ஓடும் சர்வீஸைக் குறிக்கும் ஆப்ஜெக்டை அனுப்பினாலோ அதன் பெயர், நிலை போன்ற விவரங்கள்தான் சேரும்; ஸ்டாப் என்றால் நிறுத்தும் திறன் வழியிலேயே உதிர்ந்துவிடும். அதற்குப் பெயரை மட்டும் அனுப்பி, அங்கேயே கெட்-சர்வீஸ் போட்டு எடுப்பதுதான் முறை.

நீங்களும் இந்த வேலையில் இருப்பவர் என்றால், இன்வோக்-கமாண்ட், ஸ்டார்ட்-ஜாப் வரும் பழைய ஸ்கிரிப்ட்களைத் திறந்து, அழிக்கும் வரிகளில் யூசிங் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டளைக்குள்ளேயே முதல் வரியாக, இல்லாத வேரியபிளைக் கண்டால் எரர் காட்டச் சொல்லும் செட்-ஸ்ட்ரிக்ட்மோட் போடுங்கள். வெளியே போட்டது அங்கே செல்லாது.